சாம்பாருக்குள் வந்த கோதுமை: கேட்காமல் வரும் நிரல்களை நிர்வகிப்பது எப்படி?

மாணவர்களே, பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் வாழை இலைச் சாப்பாடு சாப்பிட்டிருப்பீர்கள். இலையில் ஊற்றும் சாம்பாரில் என்னென்ன இருக்கும் என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவீர்கள்: பருப்பு, புளி, காய்கறி, மல்லித்தூள், மிளகாய்த்தூள், கறிவேப்பிலை, ஒரு சிட்டிகை பெருங்காயம். கோதுமை இருக்குமா? "சாம்பாரில் யார் கோதுமை போடுவார்கள்?" என்று சிரிப்பீர்கள்.

பெருங்காய டப்பாவைத் திருப்பி, பின்புறம் சிறிய எழுத்தில் உள்ளதைப் படித்துப் பாருங்கள். பெருங்காயம் ஒரு செடியின் வேரிலிருந்து வடியும் பிசின். அதன் மணம் மிகக் கடுமையானது. அதனால் கடையில் நாம் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசினோடு மாவும் கலந்திருக்கும். சில நிறுவனங்கள் அரிசி மாவு கலக்கின்றன. பல நிறுவனங்கள் கலப்பது கோதுமை மாவு.

பெரும்பாலோருக்கு இதனால் ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் சீலியாக் நோய் உள்ளவருக்குக் கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் ஆகாது. அப்படி ஒருவர் உங்கள் வீட்டு விருந்துக்கு வந்தால், "சாம்பாரில் கோதுமை இல்லை, தைரியமாகச் சாப்பிடுங்கள்" என்று அம்மா மனமார உபசரிப்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கோதுமை போடவில்லை; பெருங்காயம்தான் போட்டார். கோதுமையைக் கூட்டி வந்தது பெருங்காயம்.

கணினி நிரல்களிலும் இதே கதைதான் நடக்கிறது. அங்கே இதற்குத் தொடர் சார்பு என்று பெயர்.

நேரடிச் சார்பும் தொடர் சார்பும்

படிவம் 4 கணினி அறிவியலில் ஜாவா படிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மளிகைக் கடை வைத்திருக்கும் மாமா ஒருவர் உங்களிடம் ஓர் உதவி கேட்கிறார். அன்றாட விற்பனையைக் கூட்டி, ஓர் அறிக்கை தயாரித்து, இரவு ஒன்பது மணிக்குத் தமக்கு மின்னஞ்சலில் அனுப்பும் நிரல் ஒன்று வேண்டும்.

கூட்டல் கணக்கை நீங்களே எழுதிவிடலாம். அறிக்கையை அச்சு வடிவில் ஆக்குவதும் மின்னஞ்சல் அனுப்புவதும் பெரிய வேலைகள். இவற்றைப் பிறர் ஏற்கெனவே எழுதி, இணையத்தில் பொதுவில் வைத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட ஆயத்த நிரல் தொகுப்பை நிரலகம் என்கிறோம். நீங்கள் இரண்டு நிரலகங்களை எடுத்துக்கொள்கிறீர்கள். பாடத்துக்காக அவற்றுக்குக் கற்பனைப் பெயர் வைப்போம்: ஒன்று 'அறிக்கை', மற்றொன்று 'அஞ்சல்'. நீங்களே கேட்டு வாங்கியதால் இவை இரண்டும் நேரடிச் சார்புகள்.

ஆனால் 'அறிக்கை'யை எழுதியவரும் எல்லாவற்றையும் தாமே எழுதியிருக்க மாட்டார். அவரும் வேறு நிரலகங்களைப் பயன்படுத்தியிருப்பார். 'அஞ்சல்' எழுதியவரும் அப்படித்தான். மொத்தத்தையும் வரைந்தால் ஒரு மரம் கிடைக்கும்:

கடைக்கணக்கு (உங்கள் நிரல்)
– அறிக்கை 2.1
– – படவரை 1.4
– – பதிவேடு 1.0
– அஞ்சல் 3.0
– – அனுப்பி 2.2
– – – பதிவேடு 2.0

படவரை, அனுப்பி, பதிவேடு ஆகியவற்றை நீங்கள் கேட்கவே இல்லை. கேட்டவற்றின் பின்னால் அவை வந்துவிட்டன. இவையே தொடர் சார்புகள்.

ஒரு காலத்தில் ஜாவா எழுதியவர்கள் இந்தத் துணை நிரலகங்களை ஒவ்வொன்றாகத் தேடி, பதிவிறக்கி, கோப்புறையில் போட்டு வைக்க வேண்டியிருந்தது. ஒன்று விடுபட்டாலும் நிரல் ஓடாது. 2005 அக்டோபரில் வெளிவந்த மேவன் 2.0 என்ற கட்டுமானக் கருவி இந்த வேலையைத் தானே செய்யத் தொடங்கியது. நீங்கள் 'அறிக்கை' வேண்டும் என்று திட்டக் கோப்பில் எழுதினால் போதும். அதற்கு வேண்டியதையும், அவற்றுக்கு வேண்டியதையும் மேவனே கொண்டுவரும். பின்னால் வந்த கிரேடல், ஜாவாஸ்கிரிப்ட்டுக்கான என்பிஎம் ஆகிய கருவிகளும் இந்த வசதியைத் தருகின்றன.

வசதி பெரிதுதான். ஆனால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் 5 நிரலகங்களைக் கேட்கிறீர்கள். ஒவ்வொன்றும் 3 புதிய நிரலகங்களைக் கூட்டி வருகிறது; அவை ஒவ்வொன்றும் மேலும் 3. நான்கு படிகளில் 5 + 15 + 45 + 135 = 200. உண்மையில் பல நிரலகங்கள் பொதுவாக இருப்பதால் எண்ணிக்கை குறையலாம். என்றாலும் நீங்கள் தேர்ந்தெடுத்தது ஐந்துதான். உங்கள் நிரலுக்குள் குடியேறியவை அதைவிடப் பல மடங்கு.

2021 டிசம்பரில் நடந்தது

இதில் என்ன ஆபத்து என்று உலகம் முழுவதும் ஒரே வாரத்தில் புரிந்துகொண்ட நிகழ்வு 2021 டிசம்பரில் நடந்தது.

லாக்4ஜே என்பது அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் கீழ்த் தன்னார்வலர்கள் பராமரிக்கும் ஜாவா நிரலகம். அதன் வேலை மிகச் சாதாரணமானது: நிரல் ஓடும்போது நடப்பதையெல்லாம் குறித்து வைப்பது. நம் மரத்தில் உள்ள 'பதிவேடு' போன்றது என்று நினைத்துக்கொள்ளுங்கள். குறித்து வைக்கும் வாக்கியத்துக்குள் ஒரு குறிப்பிட்ட வடிவில் முகவரி ஒன்று இருந்தால், அந்த முகவரிக்கே போய், அங்கே கிடைக்கும் நிரலை எடுத்து வந்து இயக்கிவிடும் குறை அதில் இருந்தது. அதாவது, யாரோ ஒருவர் தட்டச்சு செய்த ஒரு வரியைக் குறித்து வைத்தாலே போதும், கணினி அந்நியர் கைக்குப் போய்விடலாம். மைன்கிராஃப்ட் விளையாட்டில் அரட்டைப் பெட்டியில் ஒரு வரி எழுதியே இதைச் செய்ய முடிந்தது. லாக்4ஷெல் என்று பெயர் பெற்ற இந்தக் குறைக்கு, ஆபத்தின் அளவாகப் பத்துக்குப் பத்து மதிப்பெண் தரப்பட்டது.

திருத்தப்பட்ட பதிப்பு விரைவிலேயே வந்துவிட்டது. பிறகு ஏன் உலகெங்கும் கணினித் துறையினர் அந்த மாதம் முழுவதும் தூக்கமின்றித் தவித்தார்கள்? "எங்கள் நிரலில் லாக்4ஜே இருக்கிறதா?" என்ற கேள்விக்குப் பலருக்கு விடை தெரியவில்லை. அவர்கள் அதைக் கேட்டு வாங்கியதே இல்லை.

ஜாவா நிரலகங்கள் குவிந்திருக்கும் பொதுக் களஞ்சியத்தை அப்போது கூகுள் நிறுவனத்தின் குழு ஒன்று ஆராய்ந்தது. பழுதுள்ள பகுதியைச் சார்ந்திருந்த தொகுப்புகள் 17,000-க்கும் மேல். அவற்றில் 80 விழுக்காட்டுக்கும் அதிகமானவற்றில் அந்தப் பகுதி முதல் படியில் இல்லை. அதற்குக் கீழே, சிலவற்றில் ஒன்பதாவது படி வரை ஆழத்தில் இருந்தது. பெருங்காயத்துக்குள் மாவு போல.

வேண்டாத விருந்தாளிகள் மூன்று வகை

தொடர் சார்புகள் எல்லாமே கெட்டவை அல்ல. பெரும்பாலானவை தேவையானவை, அவை இல்லாவிட்டால் நீங்கள் கேட்ட நிரலகமே வேலை செய்யாது. வேண்டாதவற்றை மட்டும் மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, நமக்குப் பயன்படாதது. நம் மரத்தில் 'படவரை' வரைபடங்கள் வரையும் நிரலகம். மாமாவின் அறிக்கையில் எண்கள் மட்டுமே, வரைபடமே இல்லை. ஆனாலும் 'படவரை' நிரலோடு சேர்ந்து இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது.

இரண்டாம் வகை, மோதுவது. 'பதிவேடு' இரண்டு வழியாக வருகிறது: ஒரு வழியில் 1.0, மற்றொரு வழியில் 2.0. ஜாவா நிரலில் வழக்கமாக ஒரு பதிப்புக்குத்தான் இடம். எதை வைப்பது? மரத்தின் அடியிலிருந்து எது மிக அருகில் இருக்கிறதோ அதையே மேவன் எடுக்கும். இரண்டும் ஒரே தூரத்தில் இருந்தால், திட்டக் கோப்பில் முதலில் எழுதப்பட்டதன் வழியாக வருவது வெல்லும். இங்கே 1.0 இரண்டாவது படியிலும் 2.0 மூன்றாவது படியிலும் இருப்பதால், மேவன் 1.0-ஐ வைத்துக்கொண்டு 2.0-ஐ விட்டுவிடும். புதியதா பழையதா என்று அது பார்ப்பதில்லை. கிரேடல் இதற்கு மாறாக, வழக்கமாகப் புதிய பதிப்பையே எடுக்கும்.

இப்போது 'அனுப்பி', 2.0-இல் மட்டுமே உள்ள ஒரு செயற்கூற்றை அழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிரலைத் தொகுக்கும்போது பிழை எதுவும் காட்டாது. ஏனென்றால் அப்போது தொகுக்கப்படுவது நீங்கள் எழுதிய பகுதி மட்டுமே. 'அனுப்பி' ஏற்கெனவே தொகுக்கப்பட்டு வந்தது. பகல் முழுவதும் நிரல் ஒழுங்காக ஓடும். இரவு ஒன்பது மணிக்கு மின்னஞ்சல் அனுப்பப் போகும்போது, "அப்படி ஒரு செயற்கூறு இல்லை" என்ற பிழையோடு நின்றுவிடும். மாமா உங்களுக்குத் தொலைபேசியில் அழைப்பார்.

மூன்றாம் வகை, பாதுகாப்புக் குறை உள்ளது. லாக்4ஷெல் இந்த வகை. முதல் வகை இடத்தை அடைக்கும், இரண்டாம் வகை நிரலை நிறுத்தும், மூன்றாம் வகையோ சத்தமே இல்லாமல் கதவைத் திறந்து வைக்கும்.

முதலில் மரத்தைப் பாருங்கள்

எதையும் வெட்டும் முன் மரத்தை முழுதாகப் பார்க்க வேண்டும். மேவனில் 'டிபெண்டன்சி ட்ரீ' என்ற கட்டளை கொடுத்தால், மேலே நாம் வரைந்தது போன்ற மரத்தை அப்படியே திரையில் காட்டும். கிரேடலிலும் என்பிஎம்மிலும் இதற்கான கட்டளைகள் உண்டு. வேண்டாத பெயரைக் கண்டதும், "இதை அழைத்து வந்தது யார்?" என்று மேல்நோக்கிப் படி ஏறிச் செல்லுங்கள். விடை ஒரு நேரடிச் சார்பில் போய் முடியும்.

பெயரைக் கவனமாகப் படிப்பதும் முக்கியம். லாக்4ஜே பல பகுதிகளாக வருகிறது. குறை இருந்தது 'லாக்4ஜே-கோர்' என்ற பகுதியில். 'லாக்4ஜே-ஏபிஐ' மட்டும் இருந்த நிரல்களுக்கு அந்த ஆபத்து இல்லை. ஸ்பிரிங் பூட் என்ற புகழ்பெற்ற நிரல் கட்டமைப்பைச் சாதாரண அமைப்பில் பயன்படுத்தியவர்கள் இப்படித்தான் தப்பினார்கள். மரத்தில் 'லாக்4ஜே' என்ற சொல்லைப் பார்த்துப் பதறிய பலருக்கு, முழுப் பெயரைப் படித்த பிறகுதான் மூச்சு வந்தது.

விலக்குவது எப்படி?

வேண்டாததை நீக்க மேவனில் 'எக்ஸ்குளூஷன்' என்ற வசதி இருக்கிறது. விலக்கு என்று சொல்லலாம். திட்டக் கோப்பில் 'அறிக்கை' வேண்டும் என்று எழுதிய இடத்துக்குள்ளேயே, "ஆனால் படவரை வேண்டாம்" என்றும் எழுதிவிடுகிறோம். விலக்கப்படும் நிரலகத்தை வெளியிடும் குழுவின் பெயர், நிரலகத்தின் பெயர் ஆகிய இரண்டையும் தர வேண்டும். பதிப்பு எண் தேவையில்லை. எந்தப் பதிப்பாக இருந்தாலும் அந்த வழியாக வராது.

"அந்த வழியாக" என்ற சொல்லில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். மேவனில் விலக்கு, எழுதிய கிளைக்கு மட்டுமே செல்லும். பதிவேடு நிரலகத்தில் பாதுகாப்புக் குறை இருப்பதாகச் செய்தி வருகிறது. நீங்கள் 'அறிக்கை'யின் கீழ் அதை விலக்குகிறீர்கள். வேலை முடிந்ததா? இல்லை. 1.0 போய்விடும், ஆனால் 'அஞ்சல்' வழியாக 2.0 உள்ளே வந்து நிற்கும். ஒரு கதவைப் பூட்டிவிட்டு மறு கதவைத் திறந்து வைத்த கதை. ஆகவே ஒவ்வொரு விலக்குக்குப் பிறகும் மரத்தை மறுபடி பார்ப்பது கட்டாயம்.

இன்னொன்றும் உண்டு. விலக்கு என்பது நீங்கள் கொடுக்கும் ஒரு வாக்குறுதி. "இந்த நிரலகம் இல்லாமலேயே 'அறிக்கை' ஓடும்" என்று கருவியிடம் சொல்கிறீர்கள். கருவி அதைச் சரிபார்க்காது, அப்படியே நம்பிவிடும். 'அறிக்கை' தொடங்கும்போதே 'படவரை'யைத் தேடும்படி எழுதப்பட்டிருந்தால், வரைபடம் கேட்காவிட்டாலும் நிரல் நின்றுவிடும். பெருங்காயம் இல்லாத சாம்பாரைப் பரிமாறும் முன் ஒரு வாய் சுவைத்துப் பார்ப்பதுபோல, விலக்கிய பின் நிரலின் எல்லா வேலைகளையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். அறிக்கை வருகிறதா, மின்னஞ்சல் போகிறதா, தவறான எண் கொடுத்தால் என்ன ஆகிறது என்று ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்.

விலக்கு கடைசி ஆயுதம்

கோதுமை ஆகாத விருந்தினருக்காக அம்மா என்ன செய்யலாம்? அரிசி மாவு கலந்த பெருங்காயம் வாங்கலாம். அதுவும் கிடைக்காவிட்டால்தான் பெருங்காயமே போடாமல் சமைப்பார். நிரலிலும் வெட்டுவதற்கு முன் வேறு வழிகளைப் பார்ப்பதே நல்லது.

முதலில், அழைத்து வந்தவரைப் புதுப்பிக்கலாமா என்று பாருங்கள். 'அறிக்கை'யின் புதிய பதிப்பு, நல்ல 'பதிவேடு'டன் வந்திருக்கலாம். பெரும்பாலும் இதுவே மிக எளிய, பாதுகாப்பான வழி.

புதிய பதிப்பு இன்னும் வரவில்லையென்றால், பதிப்பை நீங்களே நிர்ணயிக்கலாம். மேவன் திட்டக் கோப்பில் 'டிபெண்டன்சி மேனேஜ்மென்ட்' என்று ஒரு பகுதி உண்டு. "பதிவேடு எந்தக் கிளையில் வந்தாலும் 2.0-ஆகவே இருக்கட்டும்" என்று அங்கே எழுதினால், மரம் முழுவதும் அந்தப் பதிப்பே வரும். 2021 டிசம்பரில் இதனால் பலர் பிழைத்தார்கள். தாங்கள் பயன்படுத்திய நிரலகங்கள் ஒவ்வொன்றும் திருந்தி வரும்வரை காத்திருக்காமல், லாக்4ஜேயின் திருத்தப்பட்ட பதிப்பை மேலிருந்தே நிர்ணயித்துவிட்டார்கள்.

இவை இரண்டும் கைகொடுக்காதபோது, அல்லது அந்த நிரலகம் உண்மையிலேயே தேவையில்லாதபோது, விலக்கைப் பயன்படுத்துங்கள். விலக்கினால், அதன் பக்கத்திலேயே காரணத்தையும் ஒரு வரியில் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அந்தக் கோப்பைத் திறப்பவர் நீங்களாகவே இருந்தாலும், "இதை ஏன் நீக்கினேன்?" என்று விழிப்பீர்கள்.

சின்னது என்று அலட்சியம் வேண்டாம்

எதிர்த் திசையில் ஒரு நிகழ்வும் உண்டு. 2016 மார்ச்சில், என்பிஎம் களஞ்சியத்திலிருந்து 'லெஃப்ட்-பேட்' என்ற தொகுப்பை அதை எழுதியவர், பெயர் குறித்த ஒரு தகராறுக்குப் பின் நீக்கிவிட்டார். அது வெறும் 11 வரி நிரல். ஒரு சொல்லின் இடப்பக்கம் இடைவெளியோ பூச்சியமோ சேர்த்து நீளத்தைச் சரிசெய்வதே அதன் வேலை. நீங்களே பத்து நிமிடத்தில் எழுதிவிடலாம். ஆனால் பேபல் போன்ற பெரிய கருவிகள் அதைத் தொடர் சார்பாக நம்பியிருந்தன. அது மறைந்ததும், அதன் பெயரையே கேள்விப்படாதவர்களின் திட்டங்கள்கூட உலகெங்கும் கட்டுமானத்தில் உடைந்து நின்றன. சில மணி நேரத்தில் அந்த 11 வரிகள் திரும்ப வைக்கப்பட்டன. தொகுப்புகளை நீக்கும் விதிகளையும் என்பிஎம் பின்னர் இறுக்கியது.

இந்த நிகழ்வுகளுக்குப் பிறகு, பெருங்காய டப்பாவின் பின்புறம் இருப்பதுபோல மென்பொருளுக்கும் உள்ளடக்கப் பட்டியல் வேண்டும் என்ற குரல் வலுத்தது. அமெரிக்க அரசு 2021 மே மாதம் பிறப்பித்த ஓர் ஆணை, அரசுக்கு விற்கப்படும் மென்பொருளுக்கு அத்தகைய பட்டியலைக் கேட்கும் பாதையைத் தொடங்கி வைத்தது. பட்டியல் கையில் இருந்தால், அடுத்த லாக்4ஷெல் வரும் நாளில் "எங்களிடம் இருக்கிறதா?" என்று வாரக்கணக்கில் தேட வேண்டாம், சில நிமிடங்களில் சொல்லிவிடலாம்.

நாளை நீங்களும் ஒரு நிரலகம் எழுதிப் பொதுவில் வைக்கலாம். அப்போது நீங்களும் யாரோ ஒருவரின் சாம்பாரில் ஒரு பொருள் ஆகிறீர்கள். தேவையானதை மட்டும் சேருங்கள். சோதனைக்கு மட்டும் பயன்படும் நிரலகங்களைச் 'சோதனைக்கு' என்று குறித்துவிட்டால், உங்களைப் பயன்படுத்துவோருக்கு மேவன் அவற்றைக் கொண்டுசெல்லாது.

மாமாவின் நிரலில் பிழை வந்தால், "அது நான் எழுதிய பகுதி இல்லை, மாமா" என்று சொல்லலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அவர் நம்பியது உங்களை. 'அனுப்பி'யை எழுதியவர் யாரென்றே அவருக்குத் தெரியாது. நாம் பரிமாறும் சாம்பாருக்குள் இருக்கும் எல்லாவற்றுக்கும் நாமே பொறுப்பு.

செய்து பாருங்கள்

மேலே உள்ள மரத்தில் 'வரிக்கணக்கு 1.0' என்ற மூன்றாவது நிரலகத்தைத் திட்டக் கோப்பின் கடைசியில் சேர்க்கிறீர்கள். அது 'பதிவேடு 1.5', 'படவரை 1.4' ஆகிய இரண்டையும் நேரடியாகக் கொண்டுவருகிறது. வேறு மாற்றம் எதுவும் இல்லை.

1. மேவன் 'பதிவேடு'வின் எந்தப் பதிப்பை எடுக்கும்?
2. 'அறிக்கை'யின் கீழ் 'படவரை'யை விலக்கினால், அது நிரலிலிருந்து முழுவதும் நீங்கிவிடுமா?
3. எல்லாக் கிளைகளிலும் 'பதிவேடு 2.0' வர என்ன செய்யலாம்? அதன் பிறகு எதைச் சோதிக்க வேண்டும்?

விடைகள்: 1) பதிப்பு 1.0. 1.0-உம் 1.5-உம் இரண்டாவது படியில், ஒரே தூரத்தில் உள்ளன. 'அறிக்கை' முதலில் எழுதப்பட்டிருப்பதால் அதன் வழி வருவது வெல்லும். 2) நீங்காது; 'வரிக்கணக்கு' வழியாக மீண்டும் வரும். 3) 'டிபெண்டன்சி மேனேஜ்மென்ட்' பகுதியில் 2.0 என்று நிர்ணயிக்கலாம். பிறகு, பழைய பதிப்புகளை எதிர்பார்த்து எழுதப்பட்ட 'அறிக்கை'யும் 'வரிக்கணக்கு'ம் 2.0-உடன் சரியாக ஓடுகின்றனவா என்று சோதிக்க வேண்டும்.